வான் அலை யாருக்குச் சொந்தம்?

"எதற்கு இனி அரசாங்கத் தொலைக்காட்சி? கையிலே கைபேசி இருக்கிறது, வீட்டிலே நூறு சானல் இருக்கிறது. தூர்தர்ஷனை யார் பார்க்கிறார்கள்? இழுத்து மூடிவிட்டால் என்ன குறைந்துவிடும்?"

இப்படிக் கேட்பவர்கள் நம் புதுச்சேரியிலும் பெருகிவிட்டார்கள். தேநீர்க் கடையிலே கேட்கிறார்கள், படித்தவர் கூடும் மண்டபத்திலேயும் கேட்கிறார்கள். கேட்பதிலே தவறில்லை, தோழர்களே! ஆனால் மூடு என்று சொல்வதற்கு முன்னால், அது எப்படி வந்தது, யார் பேச்சை நம் வீட்டுக்குள் கொண்டு வந்தது, யார் பேச்சை வாசலிலேயே நிறுத்தி வைத்தது என்ற பழைய கணக்கைப் புரட்டிப் பார்க்க வேண்டாமா? பார்ப்போம்.

1959 செப்டம்பர் 15-ல் டில்லியிலே தொலைக்காட்சி தொடங்கிற்று. வாரத்துக்கு இரண்டே நாள்தான் ஒளிபரப்பு. யுனெஸ்கோ உதவியோடு வந்த கொஞ்சம் பெட்டிகளைத் தலைநகரைச் சுற்றி வைத்துப் பரீட்சை பார்த்தார்கள். 1965-ல்தான் தினசரி ஒளிபரப்பு. பம்பாய்க்கு வர 1972 ஆயிற்று. அதற்கடுத்த ஆண்டு எங்கே போயிற்று தெரியுமா? சென்னைக்கா, கல்கத்தாவுக்கா? இல்லை. ஸ்ரீநகருக்கும் அமிர்தசரசுக்கும் போயிற்று. காரணம் மிக எளிது. லாகூரிலே 1964 முதல் பாகிஸ்தான் தொலைக்காட்சி நடந்துகொண்டிருந்தது. எல்லைக்கு அப்பாலிருந்து படம் வருகிறது என்றதும் டில்லிக்கு எல்லை மக்களின் நினைவு வந்தது! மக்களுக்குத் தேவை என்பதற்காக அல்ல, மாற்றான் குரல் கேட்கிறதே என்பதற்காகக் கட்டிய நிலையங்கள் அவை. இந்தச் சங்கதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாலே வேண்டியிருக்கும்.

சென்னைக்கு 1975 ஆகஸ்டு 15-ல் வந்தது. நாளைக் கவனியுங்கள். ஜூன் 25-ல் நெருக்கடிநிலை அறிவித்தாயிற்று. பத்திரிகைகளுக்குத் தணிக்கை. தலைவர்கள் சிறையில். தமிழ்நாட்டிலே தி.மு.கழக அமைச்சரவை இன்னும் நாற்காலியில் இருந்தது. 1976 ஜனவரி 31-ல் அதையும் கலைத்தார்கள். அந்த இருட்டிலே பிறந்த குழந்தைதான் நம் தமிழ்த் தொலைக்காட்சி. தொட்டிலை ஆட்டியது டில்லி, தாலாட்டுப் பாட்டும் டில்லி எழுதிக் கொடுத்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 1974 மே மாதத்தில், ரயில்வேத் தொழிலாளர் இருபது நாள் வேலைநிறுத்தம் செய்தபோது அரசாங்க வானொலி யார் பக்கம் பேசிற்று என்பதை அன்றைய தொழிலாளி மறக்கமாட்டான். வண்டி ஓடவில்லை என்று நிலையத்திலே நிற்பவனுக்குக் கண்ணாலே தெரியும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று வானொலி சொல்லும். வானொலியும் தொலைக்காட்சியும் அப்போது ஒரே நிர்வாகம். 1976 ஏப்ரல் 1-ல்தான் தூர்தர்ஷனைத் தனியாகப் பிரித்தார்கள். பிரித்தார்களே தவிர, எஜமானர் மாறவில்லை.

ஆனாலும் நல்லதை நல்லது என்று சொல்லத்தான் வேண்டும். சென்னையிலிருந்து புதுச்சேரி ஏறத்தாழ 150 கிலோமீட்டர். கோபுரத்திலிருந்து வரும் அலை இங்கே வந்து சேரும்போது மூச்சு வாங்கும். உயரமான கம்பம் நட்டு, உச்சியிலே ஏரியல் கட்டி, பூஸ்டர் வைத்து, மாடியிலே ஒருவன் நின்று திருப்ப, கீழே ஒருவன் "வருது, வருது, நிறுத்து" என்று கூவ, அப்படித்தான் நம் ஊர்க்காரன் படம் பார்த்தான். அது மட்டுமா? பெட்டி வைத்திருப்பவன் தபாலாபீசிலே லைசென்சுக் கட்டணமும் கட்டினான். 1980-களின் நடுவிலேதான் அந்தக் கட்டணம் ஒழிந்தது. ஆக, நம் காசிலே நடந்தது அந்த நிலையம். இரவல் பெற்றுப் பார்க்கவில்லை நாம்.

பார்த்தது என்ன? 'வயலும் வாழ்வும்' வந்தது. பாகூர் பக்கத்து உழவன் பூச்சி மருந்தையும் விதை நெல்லையும் பற்றித் தன் மொழியிலே, தன்னைப் போன்ற இன்னொரு உழவன் பேசுவதைப் பார்த்தான். 'எதிரொலி' வந்தது. நேயர் எழுதிய கடிதத்தை நிலையத்தாரே படித்துப் பதில் சொன்னார்கள். குற்றம் சொல்லி எழுதியதையும் படித்தார்கள். இன்றைக்கு எந்தச் சானல்காரர் நம் கடிதத்தைப் படித்துப் பதில் சொல்கிறார்? செவ்வாய்க்கிழமை நாடகம், ஞாயிற்றுக்கிழமை படம். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' என்றால் தெருவிலே ஆள் நடமாட்டம் இராது. பெட்டி இருக்கும் வீட்டிலே தெருவே உட்கார்ந்திருக்கும். சினிமாப் பாட்டுக்கு இவ்வளவா என்று முகம் சுளித்தார்கள் சிலர். பகலெல்லாம் தறியிலே நின்றவன் அரை மணி நேரம் பாட்டுக் கேட்டால் யாருக்கு என்ன நட்டம்? ஷோபனா ரவி செய்தி வாசித்தால், தமிழைத் தடுமாறாமல், மென்று விழுங்காமல், இப்படியும் பேசலாம் போலிருக்கிறதே என்று பள்ளிப் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பெருமையை யாரும் பறிக்க முடியாது.

பிறகு வந்தது 1982. ஆகஸ்டு 15 முதல் வண்ணம். கூடவே 'தேசிய நிகழ்ச்சி'. வண்ணத்தைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருக்கும்போதே நம் மாலை நேரத்தைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். ஆலைத் தொழிலாளி ஷிப்டு முடிந்து, குளித்து, சோறு தின்று, பெட்டி முன்னால் வந்து உட்காருகிற நேரம் இரவு எட்டரை. சரியாக அந்த நேரத்துக்கு டில்லியிலிருந்து இந்தி! தேசம் முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே செய்தியைக் கேட்க வேண்டுமாம். கேட்கலாம், புரிய வேண்டாமா? புரியாத மொழியிலே சொல்லப்படும் செய்திக்கும், சொல்லப்படாத செய்திக்கும் என்ன வேறுபாடு? நம் வரியிலே ஓடும் நிலையம், நம் ஊருக்கு மேலே உள்ள வானம், நம் பெட்டி, நம் மின்சாரம். பேசும் நேரம் மட்டும் அவர்களுடையது!

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. அதே 1982 பிப்ரவரியில் இலங்கையிலே ரூபவாகினி தொடங்கிற்று. நம் காரைக்காலிலும், நாகைக் கடற்கரையிலும் இருந்தவர்கள் கம்பத்தைத் தென்கிழக்கே திருப்பினார்கள். கடலைத் தாண்டிப் படம் வந்தது. இடையிடையே தமிழும் வந்தது. அமிர்தசரசுக்கு லாகூரிலிருந்து படம் வந்ததும் ஓடோடி வந்து நிலையம் கட்டிய டில்லி, காரைக்காலுக்குக் கொழும்பிலிருந்து படம் வந்தபோது ஓடி வந்து தமிழ் நேரத்தைக் கூட்டியதா? நம்மைப் பற்றி அவ்வளவு நம்பிக்கை போலும்!

இந்த வயிற்றெரிச்சல்தான் தனியாருக்கு வாசல் திறந்துவிட்டது என்பது நம் கருத்து. 1993 ஏப்ரல் 14-ல் சன் தொலைக்காட்சி வந்தது. மாலை முழுவதும் தமிழ். மக்கள் ஏன் அங்கே போனார்கள் என்று ஆராய்ச்சி வேண்டியதில்லை. தாகத்தோடு இருப்பவன் தண்ணீர் இருக்கும் பக்கம் போகிறான். ஆனால் அந்தத் தண்ணீரும் இலவசமில்லை. மாதா மாதம் கேபிள் கட்டணம். விளம்பரக்காரர் செலவழிப்பதும் கடைசியில் நாம் வாங்கும் சோப்பு விலையிலே ஏறுகிறது. இன்னொன்றும் இருக்கிறது. விளம்பரம் எங்கே விற்குமோ அங்கேதான் காமிரா திரும்பும். சென்னைக்குத் திரும்பும், கோவைக்குத் திரும்பும், மதுரைக்குத் திரும்பும். நம் பிரதேசம் நான்கு துண்டு. புதுச்சேரி ஒரு பக்கம், காரைக்கால் ஒரு பக்கம், மாஹே மேற்குக் கடற்கரையிலே, ஏனாம் ஆந்திரத்திலே. இதைச் சந்தையென்று எந்த வியாபாரி மதிப்பான்? குற்றம் நடந்தால் வருவார்கள். அமைச்சரவை கவிழ்ந்தால் வருவார்கள். அதற்குத்தான் நம் ஊரிலே பஞ்சமில்லையே! மற்ற நாட்களில் நாம் அவர்கள் படத்திலே இல்லை.

சட்டம் என்ன சொல்லிற்று? நெருக்கடிநிலை போன பிறகு, 1977-ல், பி.ஜி. வர்கீஸ் தலைமையிலே குழு போட்டார்கள். வானொலியையும் தொலைக்காட்சியையும் அரசாங்கத்தின் பிடியிலிருந்து விடுவித்துத் தன்னாட்சி அமைப்பிடம் கொடுங்கள் என்று அது 1978-ல் சொன்னது. சொன்னது காகிதத்திலே தூங்கிற்று. 1990-ல் பிரசார் பாரதி சட்டம் வந்தது. அதுவும் ஏழு ஆண்டு தூங்கி, 1997-லேதான் கண் விழித்தது. இதற்கிடையில் 1995 பிப்ரவரி 9-ல் உச்ச நீதிமன்றம், வங்காளக் கிரிக்கெட் சங்கம் சம்பந்தப்பட்ட வழக்கிலே, வான் அலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்புரைத்தது. அரசாங்கத்தின் ஏகபோகமும் ஆகாது, பணமுள்ளவன் கையிலே ஒப்படைப்பதும் ஆகாது. பொது நன்மைக்காக, அரசாங்கத்தைச் சாராத பொது அமைப்பு ஒன்று நிர்வகிக்க வேண்டும் என்றது. கிரிக்கெட்டுக்காகப் போன வழக்கிலே குடிமகனுக்கும் ஒரு நீதி கிடைத்தது!

கிடைத்த நீதி நடைமுறையிலே எப்படி இருக்கிறது? 2020 நவம்பர் இறுதியில் உத்தரவு வந்தது: மாநில மொழிச் சானல்கள் எல்லாம் நாள்தோறும் பதினைந்து நிமிடம் சமஸ்கிருதச் செய்தி ஒளிபரப்ப வேண்டும்! யார் கேட்டார்கள்? 'எதிரொலி'க்கு எந்த நேயர் கடிதம் எழுதினார்? 2023 மே மாதம் இன்னொரு உத்தரவு: அகில இந்திய வானொலி என்ற பெயரை விட்டுவிட்டு 'ஆகாசவாணி' என்றே சொல்ல வேண்டும். 2024 ஜனவரி 19-ல் 'பொதிகை' என்ற பெயர் போய் 'டிடி தமிழ்' ஆயிற்று. பொதிகை மலை தமிழனுக்கு என்ன என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. பெயர்ப் பலகையிலே ஆங்கில எழுத்து இரண்டு ஏறிற்று, மலை இறங்கிற்று. அதே ஆண்டு அக்டோபர் 18-ல், சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தின் பொன்விழாவோடு சேர்த்து இந்தி மாத விழா நடத்தினார்கள். தமிழ்நாட்டு ஆளுநர் கலந்துகொண்ட அந்த விழாவிலே தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடினார்கள். திராவிடம் என்ற சொல் வரும் அடி மட்டும் காணாமற் போயிற்று. கவனக் குறைவு என்று நிலையத்தார் வருத்தம் தெரிவித்தார்கள். தெரிவித்ததை ஏற்போம். ஆனாலும் தமிழ் நிலையத்தின் பொன்விழாவுக்கு இந்தி மாதம்தான் நல்ல நாளாகக் கிடைத்ததா என்ற கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

"சரி, இவ்வளவு குறை சொல்கிறீர்களே, அப்படியானால் மூடத்தானே வேண்டும்?" என்பார்கள். இங்கேதான் நாம் வேறுபடுகிறோம். வீட்டுக்குள்ளே திருடன் புகுந்தால் திருடனைத் துரத்துவோமா, வீட்டை இடிப்போமா?

நல்லவாடு தெரியும் அல்லவா, நம் ஊருக்குத் தெற்கே உள்ள மீனவர் கிராமம்? 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணிக்குச் சுமத்ராவுக்கு அருகே கடலடியிலே பூமி அதிர்ந்தது. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அன்று சுனாமி எச்சரிக்கை நிலையம் நாட்டிலே கிடையாது. ஐதராபாத்திலே அது அமைந்தது 2007-ல்தான். ஆனால் நிலநடுக்கச் செய்தி உலகத்திலே ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் செய்தியைச் சிங்கப்பூரிலே வேலை பார்த்த நல்லவாட்டு இளைஞர் ஒருவர் அங்கே கேட்டார். வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரார் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்துக் கொடுத்திருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியிலே கூவினார்கள். மூவாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் கரையை விட்டு ஓடினார்கள், பிழைத்தார்கள். படகு போயிற்று, வலை போயிற்று, உயிர் போகவில்லை. நம் பிரதேசம் முழுவதிலும் அன்று ஏறத்தாழ 600 பேர் மாண்டார்கள், பெரும்பகுதி காரைக்காலிலே.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! சிங்கப்பூர்ச் செய்தி, கடல் தாண்டிய ஒரு தொலைபேசி, கூம்பு வடிவக் குழாய் ஒன்று. இந்த மூன்றும் ஒரு ஊரைக் காப்பாற்றின. நல்லவாட்டுக்கும் கோரிமேட்டுக்கும் எவ்வளவு தூரம்? கோரிமேட்டு இந்திரா நகரிலே 1967 செப்டம்பர் 23 முதல் நமக்கென்று வானொலி நிலையம் இருக்கிறது. தூர்தர்ஷன் நிலையமும் நம் ஊரிலே இருக்கிறது. கட்டடம் உண்டு, கருவி உண்டு, வேலை தெரிந்தவர் உண்டு. அந்த நிலையம் எத்தனை மணி நேரம் நம்மைப் பற்றிப் பேசலாம், எத்தனை பேரை வைத்துக்கொள்ளலாம், எவ்வளவு செலவழிக்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம்தான் இங்கே இல்லை. அது டில்லியிலே இருக்கிறது. அங்கே வேலை செய்யும் தோழர்களின் நிலைமையும் நாடறிந்ததுதான். நாடெங்கும் உள்ள இந்த நிலையங்களில் ஓய்வுபெற்றவர் இடம் நிரப்பப்படாமல் கிடக்க, மாதத்துக்கு இத்தனை நாள்தான் என்று எண்ணி அழைக்கப்படும் தற்காலிக ஊழியர்கள் ஆண்டுக் கணக்கிலே மைக்கின் முன்னாலே காலம் தள்ளுகிறார்கள். மக்கள் குறையை வாசிப்பவருக்கே வேலை நிச்சயமில்லை.

கைபேசி போதும் என்கிறார்களே, 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் வந்த காலையில் கைபேசி எங்கே போயிற்று? கோபுரம் சாய்ந்தது, மின்சாரம் நாட்கணக்கில் வரவில்லை. 2024 நவம்பர் 30-ல் 'ஃபெஞ்சல்' கரை கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிற்று. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர்ப் பக்கமெல்லாம் வெள்ளக்காடு. கைபேசியிலே அன்று வந்தது என்ன? எந்த ஏரி உடைந்தது, எந்த ஏரி உடையவில்லை என்று தெரியாமல் ஆளுக்கொரு வதந்தி. 'இன்ன தெருவில் படகு நிற்கிறது, இன்ன பள்ளியில் சோறு கிடைக்கிறது' என்று பொறுப்போடு, பெயரோடு, திருத்திச் சொல்ல ஒரு குரல் வேண்டும். பாட்டரியில் ஓடும் வானொலியும், ஊர்க்காரர் முகம் தெரியும் தொலைக்காட்சியும் சேர்ந்தால் அந்தக் குரல் ஆகும். விளம்பரம் போட்டு இதைச் செய்ய முடியாது. வெள்ளத்திலே யார் எதை விற்பது?

இன்னொரு சேதி. பழைய ஏரியலில் படம் பிடித்த தரைவழி ஒளிபரப்பை நாடெங்கும் 2021-22-ல் படிப்படியாக நிறுத்திவிட்டார்கள். எல்லைப்புறம் போன்ற சில இடங்கள் மட்டும் மீதி. இப்போது அரசாங்கச் சானலை மாதக் கட்டணமில்லாமல் பார்க்க வேண்டுமானால் இலவச டிஷ் ஒன்றுதான் வழி. 2004-ல் தொடங்கிய அந்த டிஷ் நல்ல திட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதிலுள்ள இடங்களை ஏலம் போட்டுத் தனியாருக்குக் கோடிக் கணக்கில் விற்கிறார்கள். வான் அலை பொதுச் சொத்து என்ற தீர்ப்பு சந்தை மேடையிலே ஏறி நிற்கிறது!

நாம் கேட்பது என்ன? டில்லியைப் பகைப்பதற்காகக் கேட்கவில்லை. புதுச்சேரி நிலையத்துக்கு நாள்தோறும் மாலையில் குறைந்தது நான்கு மணி நேரம், பிறர் குறுக்கிடாத நேரம், தமிழிலே வேண்டும். ஆண்டுக் கணக்கிலே உழைக்கும் தற்காலிக ஊழியரை வைத்தே அதை நடத்தலாம். முதலில் அவர்களை நிரந்தரமாக்க வேண்டும். நிகழ்ச்சிக் குழுவிலே ஆலைத் தொழிலாளி, மீனவர், உழவர், ஆசிரியை உட்கார வேண்டும். விடியலுக்கு முன் கடல் நிலை. படகு புறப்படுவதற்கு முன், புறப்பட்ட பின் அல்ல. சந்தை விலை, வேலை வாய்ப்பு, சம்பளச் சட்டம். 'எதிரொலி' மீண்டும் வர வேண்டும்.

"நான்கு மணி நேரத்துக்கு உங்களிடம் சரக்கு இருக்கிறதா?" என்று டில்லி கேட்டால் சிரிப்புத்தான் வரும். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு ஒன்று போதுமே ஓராண்டுத் தொடருக்கு! அதை வைத்துத்தானே பிரபஞ்சன் 'மானுடம் வெல்லும்' எழுதினார்? தமிழ் நாடகத்தின் தலைமையாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் கண் மூடியது இந்த ஊரிலே, உறங்குவது கருவடிக்குப்பத்திலே. பாரதி பத்தாண்டு வாழ்ந்த ஊர், பாவேந்தர் பிறந்த ஊர், கி.ரா. கதை சொல்லிக்கொண்டிருந்த ஊர். இவர்களை விழா நாளிலே மாலை போட்டுக் காட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. வாரா வாரம் நாடகமாக, உரையாடலாகக் கொண்டு வருவதைத்தான் நாம் கேட்கிறோம்.

அவர்களைவிட நமக்கு நெருக்கமான கதையும் இருக்கிறது. 1936 ஜூலை 30. சவானா ஆலை. பன்னிரண்டு தொழிலாளிகளைப் பிரெஞ்சு ஆட்சி சுட்டுக் கொன்றது. அந்த இரத்தத்திலிருந்துதான் அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலைச் சட்டம் இந்த மண்ணுக்கு வந்தது. சவானாவும் கெப்ளேயும் ரோடியரும் இன்று ஓடவில்லை. 2020-ல் கதவை மூடினார்கள். ஆனால் அங்கே தறி பிடித்த கைகள் இன்னும் முத்தியால்பேட்டையிலும் முதலியார்பேட்டையிலும் இருக்கின்றன. அந்த முதியவர்கள் உட்கார்ந்து, சங்கு ஊதும் நேரம், கூலி வாங்கும் நாள், வேலைநிறுத்தக் காலத்திலே கஞ்சித் தொட்டி வைத்த இடம் எல்லாம் சொல்லச் சொல்ல ஒரு காமிரா பதிவு செய்யட்டும். தள்ளிப் போட முடியாத வேலை இது. அவர்களுக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது.

மாஹேயையும் ஏனாமையும் மறந்துவிட்டுப் பேசுகிறோம் என்று யாரும் சொல்ல வேண்டாம். நம்மீது டில்லி செய்ததை நாம் அவர்கள்மீது செய்யலாமா? 1965-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமே மாஹேக்கு மலையாளம், ஏனாமுக்குத் தெலுங்கு என்று இடம் வகுத்திருக்கிறது. வாரத்தில் அரை மணி நேரமாவது அவரவர் மொழியில், அவரவர் ஊரைப் பற்றி இங்கிருந்து போக வேண்டும். மக்களவையிலே நமக்கு ஒரு உறுப்பினர், மாநிலங்களவையிலே ஒருவர். இரண்டு பேரிடமும் கோரிக்கை மனுவை நேரில் கொடுத்து, கேள்வி எழுப்பும் தேதியையும் வாங்கி வர வேண்டியது தொகுதிக் கிளைகளின் பொறுப்பு. மீனவர் பஞ்சாயத்துகளிடம் கையெழுத்து வாங்கும் வேலையை நல்லவாட்டிலிருந்து தொடங்கலாம்.